மாடிக்கு ஒரு கடுங்காப்பி

இந்தக் குமிழைத் தள்ளினால் எது நகரும் என்று அவள் சொல்லமாட்டாள். சொல்லக்கூடாதாம், அதுதான் முறையாம். பிரம்பு நாற்காலியை என் சோபாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, “அம்மா, நான் இங்க இல்லன்னு நெனச்சுக்கோ. ஒண்ணும் சொல்லித்தர மாட்டேன். மனசுல என்ன ஓடுதோ அதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே விளையாடு” என்கிறாள் ஜெரூஷா. மனசில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னால் எந்தத் தாயும் மகளும் ஒரு வீட்டில் குடியிருக்க முடியுமா. சரி என்று தலையாட்டிவிட்டேன். சனிக்கிழமை மத்தியானம், என் பல் கிளினிக்கை மூடி வந்து, மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டு, சாயங்காலம் திரும்பத் திறக்கும்வரை கொஞ்சம் கட்டையைச் சாய்க்கலாம் என்று இருந்தவளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டாள். பாளையங்கோட்டை வெயில் திரைச்சீலைக்கு வெளியே நிற்கிறது. கையில் கன்ட்ரோலர் என்கிற கறுப்புப் பிடி, இரண்டு கட்டைவிரலுக்கும் இரண்டு குமிழ். வலது கட்டைவிரலை அதன்மேல் வைக்கிறேன். வைத்ததுமே அது தன் வேலையை ஆரம்பித்துவிட்டது. லேசாக, மிக லேசாக ஒரு ஆட்டம். பார்க்கிறாளா? இல்லை, டிவியைத்தான் பார்க்கிறாள். “ஒரு அடுப்படி தெரியுது” என்கிறேன் சத்தமாக. “நம்ம அடுப்படி மாதிரியே இருக்கு. மேடையில ஒரு தட்டு, தட்டுல டம்ளர் நிறையக் கடுங்காப்பி.” அவள் ஒன்றும் சொல்லவில்லை. இல்லாதவள் அல்லவா.

இந்த விளையாட்டை இவள்தான் கட்டினாள் என்பது இன்னும் எனக்குப் பழகவில்லை. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று பெரிய விளையாட்டு ஒன்றை நடத்துகிறது, அதில் சேர்கிற ஆளுக்கு ஒரு காலி மனை. மனையில் அவரவர் விருப்பப்படி ஒரு குட்டி விளையாட்டைக் கட்டிக்கொள்ளலாம். சுவர், கதவு, படி, காற்று, மழை எல்லாம் அவர்களே கொடுத்துவிடுவார்கள், இதைத் தொட்டால் அது திறக்கட்டும், அது விழுந்தால் மணி அடிக்கட்டும் என்று விதியை மட்டும் நாம் எழுதவேண்டும். பிறகு வாசலைத் திறந்துவிட்டால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து விளையாடிவிட்டுப் போவார்கள். வேலையற்றவர்கள் வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து புடவைகூட மாற்றவில்லை, அக்கம்பக்கத்து மனைகளைக் காட்டுகிறேன் என்று கூட்டிப்போனாள். மணிலாவில் ஒரு நர்ஸ் போர்வை மடிக்கிற விளையாட்டு கட்டியிருக்கிறாள். நாலு மூலையும் சரியாகச் சேர்ந்தால் யாரோ நிம்மதியாக மூச்சு விடுகிற சத்தம் கேட்கும், அவ்வளவுதான் விளையாட்டு. எங்கெங்கிருந்தோ வந்து சனங்கள் மடித்துக்கொண்டே இருக்கிறார்கள். இன்னொருவர் மனையில் நாம் தவளை, மழையில் நடந்துபோகிறவர்களின் குடைக்குக் குடை தாவவேண்டும், குடைக்காரர்களுக்குத் தெரியக்கூடாது. ஜெரூஷா முதலில் கட்டியது கல்யாணப் பந்தி. கையில் கூட்டு வாளி, பின்னால் சாம்பார்க்காரர் துரத்திக்கொண்டே வருவார், அவர் வந்து சேர்வதற்குள் எல்லா இலையிலும் கூட்டு விழுந்தாகவேண்டும். நடுவில் ஒரு மாமா இலைக்கு மேலே கையை நீட்டி வேண்டாம் வேண்டாம் என்பார். அவர் வேண்டாம் என்றால் வை என்று அர்த்தம், அதை விளையாடுகிறவரே கண்டுபிடிக்கவேண்டும். சுவீடன்காரர் ஒருவர் கண்டுபிடித்துவிட்டார் என்று அன்றைக்கு வீடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எத்தனை பந்தியில் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். பாயசம் வரவில்லையே என்று பார்த்ததுண்டு. அதற்குள் ஒரு விளையாட்டு இருந்ததை நான் பார்த்ததில்லை.

“இடது குமிழ் நடக்குது. வலது குமிழ்ல தட்டு சாயுது” என்கிறேன். கண்டுபிடித்தது எனக்கே சந்தோஷமாக இருக்கிறது. யாரும் சொல்லவில்லை, ஒரு எழுத்து திரையில் இல்லை, ஆனாலும் தெரிகிறது. தட்டை வலப்புறம் சாய்த்தால் டம்ளர் ஒரு பொட்டு நகர்கிறது, உடனே கை தானாக இடப்புறம் திருப்புகிறது. அடுப்படிக்கு வெளியே எங்கே போகவேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை, ஆனால் கூடத்து மூலையில் மாடிப்படிமேல் மட்டும் வெயில் விழுகிறது, கால் அந்தப் பக்கம்தான் போகும். வெளிச்சம் எங்கே விழவேண்டும் என்பதில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. வாய்க்குள் விளக்கைத் திருப்பும்போது நானும் அதைத்தானே செய்கிறேன், வெளிச்சம் சரியாக விழுந்தால் சொத்தை தானாகவே முகத்தைக் காட்டும். இவளுக்கு யார் சொன்னார்கள் இதை. நல்லாயிருக்கு பிள்ள என்று சொல்ல வாயெடுக்கிறேன், அதற்குள் நிலைப்படி. அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு சின்ன மேடு, ஏறும்போது தட்டு ஒரு குலுக்குக் குலுக்குகிறது, நான் பிடிக்கப்போய் கட்டைவிரல் படபடவென்று அடித்துக்கொள்கிறது, காப்பி தளும்பி, தளும்பி, போயிற்று. தரையெல்லாம் கறுப்பு. திரை ஒரு கணம் மங்கித் திரும்ப அடுப்படி. திட்டவில்லை, தோற்றாய் என்று எழுதிக் காட்டவில்லை. புது டம்ளர், ஆவி பறக்கிறது. “கொட்டிப்போச்சு” என்கிறேன். “நிலைப்படியில கவனிக்கல.” பொய். கவனித்தேன்.

கை குளிருதா டாக்டர் என்று கிளினிக்கில் முதன்முதலில் கேட்டது மருதையா சார்தான். காலேஜில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், கீழ்க் கடைவாயில் ரூட் கேனல். வாயைத் திறந்தபடி கிடந்தவருக்கு என் கையிலிருந்த பல் பார்க்கும் கண்ணாடி பல்லில் டிக் டிக் டிக் என்று மோதுவது கேட்டிருக்கிறது. அவர் மண்டைக்குள்ளேயே கேட்டிருக்கும். துப்பிவிட்டு நிமிர்ந்து, “கை குளிருதா டாக்டர், ஏசியைக் கொறைக்கச் சொல்லட்டுமா” என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆமாம் சார், இந்த ஏசி ரொம்ப மோசம் என்றேன். கிளாடிஸ் போய்க் குறைத்தாள், என்னோடு கிளினிக்கில் இருப்பவள், அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் குறைத்தாள், பார்க்காமல் என்பதுதான் உறுத்திற்று. அதற்கு முன்னால் தேவாலயத்தில் பாட்டுப் புத்தகத்தின் ஓரம் ஆடிற்று. அதற்கும் முன்னால் பல் துலக்கும்போது. சும்மா இருக்கும்போது நடுங்கினால் அந்த நோய்க்கு ஒரு பெயர், வேலை செய்யும்போது நடுங்கினால் வேறு பெயர், காலேஜில் படித்ததுதான். குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு கையை மடியில் வைத்துப் பார்ப்பேன். ஆடுகிறதா, இல்லை நான் பார்ப்பதால் ஆடுகிறதா. பிறகு ஒரு சோப்பை எடுத்து நீட்டிப் பார்ப்பேன். ஒரு நாள் இரண்டிலும் ஆடுவதுபோல் இருக்கும், ஒரு நாள் இரண்டிலும் இல்லை, இல்லாத நாளில் பாவமன்னிப்புக் கிடைத்தவள்போல் பாடிக்கொண்டே குளிப்பேன். இவள் அப்பாவுக்குத் தூத்துக்குடியில் துறைமுக வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருவார், அவரிடம் சொல்லவில்லை. என்கூடப் படித்த ஒருத்தியின் வீட்டுக்காரர் நரம்பு டாக்டர். அவரிடமும் போகவில்லை. மற்றவர்களிடம் தள்ளிப்போடாதீங்க, தள்ளிப்போட்டால் பல்லே போய்விடும் என்று தினம் சொல்கிற வாய் இது.

“பூனை வருது” என்கிறேன். இரண்டாவது தரம் நிலைப்படியை எப்படியோ தாண்டிவிட்டேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஊசி போடுவதற்கு முன்னால் பிடிப்பேனே அப்படி. கூடத்தில் பூனை குறுக்கே வந்து காலைச் சுற்றுகிறது. விலக்க முடியாது, மிதிக்கவும் முடியாது, அது உரசி முடித்துப் போகும்வரை நிற்கத்தான் வேண்டும். நிற்கிறேன். அடடா, என்ன புத்தி இவளுக்கு. ஓடு ஓடு என்று விரட்டுகிற விளையாட்டுகளுக்கு நடுவே ஒரு பூனையை விட்டு மனுஷியைச் சும்மா நிற்கவைத்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் அசைவது அப்போதுதான் தெரிகிறது, நிற்காவிட்டால் பார்த்திருக்கமாட்டேன். யாரோ முகம் தெரியாதவர் இங்கே வந்து நிற்பார், அவருக்கு அவசரமாக இருக்கும், அவருக்கு ஒரு வேப்பமரத்தைக் காட்டவேண்டும் என்று யோசித்திருக்கிறாள். பிறத்தியார் மனசுக்குள் முன்கூட்டியே போய் உட்கார்ந்து பார்ப்பது சின்ன விஷயமா. பல் மருத்துவம் இரண்டாம் வருஷத்தில் விட்டுவிட்டு வருகிறேன் என்று இவள் சொன்னபோது நான் ஒரு வாரம் இவளோடு பேசவில்லை. என் கையைப்போலவே கை, நீண்ட விரல், அசையாத மணிக்கட்டு, மெழுகில் பல் செதுக்கினால் வாத்தியார்கள் எடுத்து வைத்துக்கொள்வார்களாம். அந்தக் கையை வைத்துக்கொண்டு பொம்மை விளையாட்டா என்று கேட்டேன். “எனக்கு மத்தவங்க வாயைப் பார்க்கறத விட முகத்தைப் பார்க்கத்தாம்மா பிடிச்சிருக்கு” என்றாள். திமிர்ப் பேச்சு என்று நினைத்தேன். இப்போது பூனையோடு நிற்கும்போது அது திமிராகத் தெரியவில்லை. பூனை போய்விட்டது. நான் நின்றுகொண்டே இருக்கிறேன். நின்றால் கட்டைவிரல் சும்மா இருக்கும் என்று பார்த்தால் அதுவும் இல்லை, டம்ளரில் காப்பி வட்டம் வட்டமாக அதிர்கிறது, விளிம்பில் ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. நடக்காமலே கொட்டுகிறது. நடக்காமலே.

தெரிந்துதான் செய்தாளா? திடீரென்று இது வந்து நெஞ்சில் நிற்கிறது. இத்தனை விளையாட்டு கட்டலாம், தவளை, குடை, போர்வை, எதை வேண்டுமானாலும். டம்ளரைத் தளும்பாமல் கொண்டுபோ என்று ஏன் கட்டினாள். ஏன் என்னை உட்காரவைத்தாள். இதை இதுவரை தொட்டே பார்க்காத ஆள் ஒருத்தர் வேணும்மா, அவங்க எங்க முழிக்கிறாங்கன்னு பார்த்தாத்தான் சாயங்காலம் வாசலைத் திறக்கலாம் என்று சொன்னாளே, அது உண்மைதானா, அல்லது சாக்கா. காலையில் எனக்குக் காப்பி கொடுத்தபோது இரண்டு கையாலும் வாங்கினேனே, அதைப் பார்த்தாளோ. எதிர்வீட்டு அக்காவுக்குக் குழம்புக் கிண்ணம் கொடுக்கவேண்டி வந்தபோது நீயே கொண்டுபோ என்றேனே. கிளாடிஸ் சொல்லியிருப்பாளோ. ஓரக்கண்ணால் பார்க்கிறேன். ஜெரூஷா நகத்தைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்க்கிறாள், அது வேவு பார்க்கிற முகம் இல்லை, பரீட்சை எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிற முகம். பயப்படுகிறாள். தன் விளையாட்டு எனக்குப் பிடிக்காமல் போய்விடுமோ என்று பயப்படுகிறாள், அவ்வளவுதான். நான் என் கையையே நினைத்துக்கொண்டு இருந்ததில் இவளுக்கும் ஒரு பயம் இருக்கும் என்பதே தோன்றவில்லை. “பூனை நல்லாயிருக்கு” என்கிறேன் அவசரமாக. “நிக்க வச்சுட்டியே, அது ரொம்ப நல்லாயிருக்கு.” அவள் பேசக்கூடாது, ஆனால் சிரிப்பை அடக்கமுடியவில்லை.

மூன்றாவது தரம் படிவரைக்கும் வந்துவிட்டேன். ஒவ்வொரு படிக்கும் தட்டு பின்னால் சாயும், நான் முன்னால் சாய்க்கவேண்டும், ஏறு, சாய், ஏறு, சாய். இதில் ஒரு தாளம் இருக்கிறது, பிடிபட்டால் கும்மியடிப்பதுபோல் போய்விடலாம், அதையும் தெரிந்துதான் வைத்திருக்கிறாள். மற்றவர்களுக்குப் பிடிபடும். எனக்குத் தாளத்துக்கு நடுவே இன்னொரு தாளம் ஓடுகிறது. அது என்னுடையது இல்லை, யாருடையது என்றும் தெரியவில்லை. பிடியை இறுக்கிப் பிடித்தால் அதிகமாகிறது, விட்டுப் பிடித்தால் குமிழ் வழுக்குகிறது. வளைவில் இருட்டு. கொட்டிவிட்டது. திரும்ப அடுப்படி. திரும்ப நிலைப்படி, பூனை, வேப்பமரம், படி, கொட்டிவிட்டது. “எனக்கு இதெல்லாம் வராது ஜெரூ” என்கிறேன், “வயசாயிட்டு. வேற யாரையாவது கூப்பிடு.” குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வருகிறது. திரும்பிப் பார்க்கிறேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாளோ. கையை மடிக்குள் இழுத்துக்கொள்ளலாம், முந்தானையால் மூடலாம், ஏசி என்று சொல்லலாம், ஆனால் இங்கே ஏசி இல்லை, மின்விசிறிதான் ஓடுகிறது.

“கொஞ்சம் கொடும்மா” என்று பிடியை வாங்கிக்கொள்கிறாள். மேசைக்குப் போய் லேப்டாப்பைத் திறந்து என்னவோ தட்டுகிறாள். முதுகுதான் தெரிகிறது. இப்போது கேட்பாள், இப்போது திரும்பிக் கேட்பாள் என்று உட்கார்ந்திருக்கிறேன், பல் பிடுங்க வந்து பெயர் கூப்பிடக் காத்திருப்பவர்களைப்போல. அவர்கள் எல்லாரும் வாசற்கதவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நானும் கதவைத்தான் பார்க்கிறேன். அவள் கேட்கவில்லை. திரும்பி வந்து பிடியை என் கையில் வைக்கிறாள். “இப்பப் பாரு.” அடுப்படி, தட்டு, டம்ளர். கட்டைவிரலை வைக்கிறேன், அது நடுங்குகிறது, காப்பியில் வட்டங்கள் எழுகின்றன, எழுந்து விளிம்புவரை போய் அடங்குகின்றன. கொட்டவில்லை. நிலைப்படியில் பெரிதாகச் சாய்த்துவிட்டேன், உடனே தளும்பிற்று, திருப்பினேன், நின்றது. “என்ன பண்ணின?” “சின்னச் சின்ன நடுக்கத்தை எல்லாம் கணக்குல எடுக்காதேன்னு சொல்லிட்டேன். நீ தட்டை எந்தப் பக்கம் கொண்டுபோக நெனைக்கிறியோ அதை மட்டும் எடுத்துக்கும்.” எனக்குச் சுருக்கென்றது. “எனக்காக உன் விளையாட்டைக் கெடுக்காத. தோத்தா தோத்துட்டுப் போறேன். பழையபடி மாத்து.” “கெடுக்கலம்மா” என்றாள். பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். “காப்பிய எங்க கொண்டுபோகணும்னு உனக்குத் தெரியுது. எப்பச் சாய்க்கணும்னு தெரியுது. பூனைக்கு நின்ன. இவ்வளவும் தெரிஞ்ச ஒரு ஆளை நான் கட்டுன வீடு உள்ள விடலன்னா அது வீட்டோட தப்பு. உலகத்துல கை நடுங்குற ஆளு நீ ஒருத்திதானா?” பிறகு குரலை இறக்கி, என்னைப் பார்க்காமல், “எப்ப இருந்தும்மா?” என்றாள்.

ஏசி, வயசு, தூக்கமில்லை, கால்சியம், எல்லாம் வரிசையாக வந்து நாக்கில் நின்றன. ஆனால் இவள் கேட்ட விதத்தில் பிடுங்கி எடுக்கிற அவசரம் இல்லை. “பொங்கலுக்கு முன்னாலருந்து” என்றேன். சொன்ன பிறகு தடுக்கமுடியவில்லை. மருதையா சாரைச் சொன்னேன், டிக் டிக் சத்தத்தைச் சொன்னேன், குளியலறை, சோப்பு, பாட்டுப் புத்தகம், போன வாரம் ஒரு சின்னப் பெண்ணுக்கு மரத்துப்போக ஊசி போடும்போது என் வலது கையை என் இடது கையால் பிடித்துக்கொண்டு போட்டதைச் சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை, நல்லபடியாகத்தான் முடிந்தது, ஆனால் அந்தப் பிள்ளை கண்ணை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஜெரூஷா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. “இன்னைக்குச் சாயங்காலம் யார் யார் வாராங்க?” என்றாள். “ஞானப்பல் எடுக்க ஒருத்தர். மத்ததெல்லாம் சும்மா பார்க்கறதுதான்.” முப்பது வருஷத்தில் கிளினிக்கை நான் பாதியில் விட்டதில்லை, பிள்ளை பெற்றபோதுகூட கடைசி வாரம்வரை நின்றேன். அந்த மனுஷனுக்கு என்னைத் தெரியும், என் கைக்குத்தான் வருகிறார். என் கைக்குத்தான். போனை எடுத்து கிளாடிஸைக் கூப்பிட்டேன். “அந்த ஞானப்பல்காரரை வேற டாக்டர்கிட்ட அனுப்பிரு. நான் சொன்னேன்னு சொல்லு. திங்கக்கிழமை நான் ஒரு டாக்டரைப் பார்க்கப் போறேன், கிளினிக் லீவு.” “சரிம்மா” என்றாள் கிளாடிஸ். “நல்லதும்மா.” அவளுக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு ஏசியைக் குறைத்திருக்கிறாள்.

“முடிச்சிரு” என்று ஜெரூஷா திரையைக் காட்டினாள். பூனை வந்தது, நின்றேன். படி. ஏறு, சாய். வளைவில் மறுபடி தடுமாறினேன், ஆனால் இந்தத் தரம் கை இல்லை. “இங்க இருட்டா இருக்கு பாரு” என்றேன், “அடுத்த படி தெரியல. இது எனக்கு விளையாட வராததால சொல்லல, உண்மையிலயே வெளிச்சம் பத்தல.” அவள் குனிந்து பார்த்துவிட்டு, “ஆமா” என்றாள், “ஆமால்ல.” அதைக் கேட்டபோது எனக்கு வந்த கர்வத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மாடி வந்தது. மொட்டை மாடியில் வெயில் தாழ்ந்த நேரம், துணி காய்கிறது, கைப்பிடிச் சுவரில் முதுகைக் காட்டி யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். ஆணா பெண்ணா தெரியவில்லை, தெரியவேண்டாம் என்று வைத்திருக்கிறாள். டம்ளரை வைத்தேன். அந்த ஆள் எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். நான் உட்கார இடம். மணி அடிக்கவில்லை, பூ கொட்டவில்லை, வென்றாய் என்று ஒரு வார்த்தை இல்லை. நகர்ந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான். பிடியை மடியில் வைத்தேன். “அம்மா, பேசு” என்றாள். “நல்லா கட்டியிருக்க பிள்ள” என்றேன். எனக்குத் தெரிந்த பெரிய வார்த்தை அதுதான்.

வளைவில் ஒரு ஜன்னல் வைத்து வெளிச்சம் விட்டாள். நடுக்கத்தைக் கணக்கில் எடுக்காத விதியை எல்லாருக்குமாக அப்படியே விட்டுவிட்டாள். பிறகு வாசலைத் திறந்தாள். பந்தி விளையாட்டில் கூட்டு வைத்தவர்கள் இவள் அடுத்து என்ன கட்டுவாள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்களாம், நாங்கள் குடிக்கக் காப்பி போட்டு எடுத்து வருவதற்குள் ஒருவர் வந்துவிட்டார். பெயர் எந்த ஊர் எழுத்தோ, எங்கள் இருவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. விளையாடுகிறவர்களை நாம் இங்கிருந்து பார்க்கலாம், அவர்களுக்கு நாம் தெரியமாட்டோம். நிலைப்படியில் கொட்டினார். திரும்ப வந்தார். அவர் தட்டு என்னுடையதைவிட அதிகமாக ஆடிற்று, காற்றில் அகப்பட்ட தோணி மாதிரி, காப்பியில் வட்டங்கள் ஓயவே இல்லை. புதுக் கையோ, பழைய கையோ, என்ன கையோ. பூனைக்கு நின்றார். நாங்கள் இரண்டு பேரும் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டோம். ஒவ்வொரு படியாக, நின்று நின்று, வளைவில் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கணம் தயங்கி, மேலே வந்துவிட்டார். டம்ளரை வைத்தார். அந்த ஆள் குடித்துவிட்டு நகர்ந்தார். இவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார், உட்கார்ந்தபடியே இருக்கிறார். “ஆட்டம் முடிஞ்சிருச்சே” என்றாள் ஜெரூஷா மெதுவாக, “வெளிய போற கதவு தெரியலையோ, அதைக் கொஞ்சம் பெருசாக்கணுமோ.” கொடியில் துணி அசைந்துகொண்டிருக்கிறது, இரண்டு முதுகும் பக்கத்தில் பக்கத்தில்.

“கதவு தெரிஞ்சிருக்கும்” என்றேன். “இருக்கட்டும் விடு. அவ்வளவு தூரம் ஏறி வந்திருக்காங்க.”